நல்ல பிள்ளை வீட்டுக்கு யார் போன் செய்வது?

என் கணவர் தினமும் மாலை ஏழு மணிக்கு யாரோ ஒரு பெண்ணுடன் போனில் பேசுகிறார்.

பதறாதீர்கள். கூடத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டு, என் காதில் விழும்படியாகவேதான் பேசுகிறார். எதிர்முனையில் பெரும்பாலும் யாராவது ஒரு அம்மா. சில நாள் அப்பா. ஒரு நாள் ஒரு சித்தப்பா.

அவர் பள்ளிக்கூட வாத்தியார். மன்னார்குடியிலிருந்து பஸ் பிடித்து, முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போய் வருகிறார். ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். பாதிப் பிள்ளைகள் வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள், மீதி கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இரண்டு கட்சியும் சத்துணவு வரிசையில் சந்தித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டு பறக்கும். சட்டைப் பட்டன் தெறிக்கும்.

போன வருஷம் வரை சாரும் கத்திக்கொண்டுதான் இருந்தார். வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டியிருக்கும். இந்த வருஷம் பள்ளி திறந்ததும் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

“வரிசையில நில்லுன்னு தினமும் கத்துறோம். எப்படி நிக்கணும்னு யாராச்சும் சொல்லிக் குடுத்திருக்கோமா?”

அப்புறம் அதையே பாடமாக நடத்த ஆரம்பித்தார். நிஜமாகவே மைதானத்துக்கு அழைத்துப் போய் வரிசையில் நிற்கப் பயிற்சி. அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கப் பயிற்சி. தப்பு செய்தால் முகம் பார்த்து மன்னிப்புக் கேட்கப் பயிற்சி. இந்தக் கடைசிப் பாடத்துக்கு வீட்டில் ஒத்திகை வேறு பார்த்தார். என்னை எதிரே உட்கார வைத்து, “நான் செஞ்சது தப்பு, மன்னிச்சிடு” என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் ஒன்பதாம் வகுப்புக்காக!

சரி, பாடம் நடத்தினால் பரிசு வேண்டாமா? பேனா, சாக்லேட்டெல்லாம் அவருக்குப் பிடிக்காது. நன்றாக நடந்துகொண்ட பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலை ஒரு போன். என்ன நல்லது செய்தான், என்ன நல்லது செய்தாள் என்று இரண்டு நிமிஷம் பேச்சு. அவ்வளவுதான் பரிசு.

முதல் போன் விக்னேஷ் வீட்டுக்கு. வரிசையை உடைப்பதில் பள்ளியிலேயே முதல் ஆள் அவன். அவன் அப்பா அப்போதுதான் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

“ஸ்கூல்லேர்ந்து பேசுறேங்க...”

“என்ன சார் பண்ணுனான்? யார சார் அடிச்சான்?”

“அடிக்கலைங்க. இன்னைக்கு ஒரு பையன் இவனத் தள்ளுனான். உங்க பையன் கைய மடக்கிக்கிட்டு அப்படியே நின்னான். திருப்பி அடிக்கல. அதைச் சொல்லத்தான் போன் பண்ணுனேன்.”

விக்னேஷின் அப்பா மெதுவாகக் கேட்டார்.

“சார்... நம்பர் மாத்திப் போட்டுட்டீங்களா?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். ஆனால் அங்கே போய் நின்ற பிறகு... சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. மனசுக்குள் வேறு ஏதோ ஒன்று சுருக்கென்று குத்தியது.

என்ன அது?

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பொறாமை!

அந்தக் குரலை நீங்கள் கேட்டதில்லை. வெல்லப் பாகு. “உங்க பொண்ணு இன்னைக்கு நான் சொல்லாமலேயே போர்டத் துடைச்சு வெச்சாங்க” என்று ஒரு நாள் உருகுகிறார். இந்த வீட்டில் யாரும் சொல்லாமல் நான் துடைக்காத இடம் ஒன்று உண்டா? எங்கள் அம்மாவுக்கு யார் போன் செய்தார்கள்?

நானும் முயற்சி செய்து பார்த்தேன். ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணை முன்னால் போகச் சொன்னேன். வெயிலில் கூடுதலாக நின்றேன். ராத்திரி சாப்பாட்டின்போது அதை அவர் காதில் போட்டேன்.

“இன்னைக்கு ரேஷன் கடையில ஒரு கைக்குழந்தைக்காரிய எனக்கு முன்னால விட்டேங்க.”

“ம். பாமாயில் போட்டாங்களா?”

இவ்வளவுதான். இதற்குப் பிறகு ஏழு மணி ஆனாலே எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. விக்னேஷின் அப்பா மேல் பொறாமை. தாமதமாக வருவதை நிறுத்திய ஹரிணியின் அம்மா மேல் பொறாமை. கூட்டிப் பெருக்கும்போது வேண்டுமென்றே நாற்காலியை இழுத்துச் சத்தம் போடுவேன். சார் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்வார்.

பள்ளியில் என்னவோ நல்ல பலன். தட்டுகள் பறப்பது குறைந்தது. “அடுத்து எங்க வீட்டுக்கு சார்” என்று பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சாருக்கு நடையே மாறிவிட்டது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு வெள்ளிக்கிழமை, மனிதர் முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தார். காப்பியைத் தொடவில்லை.

“அபிநயா ஒரு சின்னப் பொண்ணத் தள்ளிவிட்டுட்டா” என்றார்.

அபிநயா யாரென்று எனக்குத் தெரியும். கிளாஸ் லீடர். அப்பா சிங்கப்பூரில் வேலை. அம்மா செல்வி இங்கே குத்தகைக்கு நிலம் எடுத்துத் தனியாளாகப் பயிர் வைக்கிறார். பெண் படிப்பு, ஒழுங்கு எல்லாவற்றிலும் முதல். அப்படிப்பட்டவள் அன்று மத்தியானம் வரிசையை உடைத்துக்கொண்டு, ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னே போயிருக்கிறாள். முன்னால் அப்போதுதான் சாம்பார் சாதம் வாங்கித் திரும்பிய ஆறாம் வகுப்பு யாழினி கீழே விழ, கொதிக்கக் கொதிக்க இருந்த சாதம் அவள் காலில். புறங்கால் முழுக்கக் கொப்புளம்.

“ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். அந்தக் குழந்தையோட அம்மா வந்து, எங்க புள்ள காலுக்கு யாரு பதில் சொல்றதுன்னு கத்துறாங்க. ஹெச்.எம். மேடம் அபிநயா லீடர் பேட்ஜ வாங்கி வெச்சிட்டாங்க. எதுக்கும்மா இப்படிப் பண்ணுனன்னு கேட்டா, வாயே தொறக்க மாட்டேங்குறா.”

மணி ஏழு. வழக்கமான போன். கையில் எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார்.

“வீட்டுக்குத் தெரியணும்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. நான்தான் சொல்லணும்.”

எனக்கு என்னவோ தோன்றியது. “என்னங்க, அந்தப் பொண்ணு வீட்டுக்கு இதுக்கு முன்னால போன் பண்ணியிருக்கீங்களா?”

“இல்ல. எதுக்குப் பண்ணணும்? அவதான் எப்பவும் நல்லாவே இருப்பாளே.”

“அதான்.”

“என்ன அதான்?”

எப்படி அவ்வளவு சட்டென்று பிடிபட்டது என்கிறீர்களா? அதே காய்ச்சல் எனக்கும் அடித்துக்கொண்டிருந்ததே! இன்னொருத்தியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

“நல்லா இருக்கிறவங்களுக்கு எதுக்குச் சொல்லணும், அவங்க அப்படித்தானே இருப்பாங்கன்னு விட்டுட்டீங்க. அடிச்சிக்கிட்டிருந்தவன் ஒரு நாள் அடிக்கலன்னா போன். லேட்டா வந்தவ ஒரு நாள் சீக்கிரம் வந்தா போன். எப்பவும் சரியா இருக்கிறவளுக்கு என்ன? ஒண்ணுமே இல்ல. அவ தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்திருப்பா?”

என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. நான் அபிநயாவைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரிந்ததா? தெரியவில்லை.

“அதுக்காக? தப்புப் பண்ண அன்னைக்குப் போன் பண்ணிப் பாராட்டச் சொல்றியா? அப்ப நான் சொல்லிக் குடுத்ததுக்கு என்ன அர்த்தம்?”

அதுவும் நியாயம்தான். ஆனால் அந்த வீட்டுக்குப் பள்ளியிலிருந்து போகும் முதல் போன் புகாராக இருக்கக் கூடாது என்பது மட்டும் இருவருக்கும் பட்டது. மறுநாள் சனிக்கிழமை. நேரிலேயே போவது என்று முடிவு. நானும் வருகிறேன் என்று பைக்கில் ஏறிக்கொண்டேன். அக்கறைதான்... கொஞ்சம் ஆவலும்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வாய்க்கால் ஓரமாக வண்டியை நிறுத்தியதுமே செல்வி பார்த்துவிட்டார். சேற்றிலிருந்து ஏறி, இழுத்துச் செருகிய புடவையை அவிழ்த்துவிட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

“வாங்க சார்... வாங்கக்கா. ஏன் சார், புள்ள எதும்...?”

முந்தைய நாள் நடந்ததைப் பெண் வீட்டில் சொல்லவே இல்லை. அந்த நேரம் பார்த்து, நடவுக்காரர்களுக்கு டீ எடுத்துக்கொண்டு அபிநயாவே வரப்பில் வந்துவிட்டாள். எங்களைப் பார்த்ததும் தூக்குவாளியோடு அப்படியே நின்றாள். ஒல்லியான பெண். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. இவளா தள்ளினாள்?

“நான் சொல்லல. நீயே அம்மாகிட்ட சொல்லும்மா” என்றார் சார்.

சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டுதான், ஆனால் ஒன்றையும் மறைக்கவில்லை. யாழினி காலில் கொட்டியது, பேட்ஜ் போனது, எல்லாம். செல்வி கையை ஓங்கிவிட்டார். நான் இடையில் போய் நின்றேன். என் புடவையில் சேறு.

“இருங்க செல்வி. எதுக்குன்னும் கேளுங்க.”

அபிநயா அம்மாவைப் பார்க்கவில்லை. சாரைப் பார்த்தாள்.

“விக்னேஷ் அடிக்காம இருந்ததுக்கு அவங்க வீட்டுக்குப் போன் பண்ணுனீங்க. ஹரிணி லேட்டா வராததுக்குப் பண்ணுனீங்க. நான் யாரையும் அடிச்சதே இல்ல சார். ஒரு நாள்கூட லேட்டா வந்ததே இல்ல சார்.”

குரல் உடைந்துவிட்டது. தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

“அதான்... ஒரே ஒரு தடவ வரிசைய உடைச்சிட்டு, அப்புறம் திருந்திடலாம்னு நெனச்சேன். அந்தப் பாப்பா தட்டோட திரும்பும்னு பாக்கல சார். சத்தியமா பாக்கல.”

அப்புறம் திருந்திடலாம்னு! சிரிப்பதா, அழுவதா? நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து நின்றுவிட்டார்கள். ஓங்கிய கையை செல்வி எப்போது இறக்கினார் என்று நான் கவனிக்கவில்லை.

“ஏழு மணியானா போனக் கையிலயே வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கும் சார்” என்றார். “அவங்க அப்பா போனுக்குன்னு நெனச்சேன். அவரு எட்டரைக்கு மேலதானே பண்ணுவாரு... எனக்குத் தோணவே இல்லையே.”

சார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி. துவைக்கப்போவது நான்தான்.

“இங்க பாரும்மா. யாழினி காலு வெந்தது உன்னாலதான். அத நீதான் போய்ச் சரி பண்ணணும். அதுல மாத்தமில்ல. ஆனா உன்னப் பாக்காம விட்டது நான். அது என் தப்பு.”

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டேன். கிளம்பும் நேரத்தில் செல்வி சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. புள்ளையப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க சார். நானும் கேட்டுக்குறேன்.”

சார் வாயைத் திறந்தார்.

“நல்ல பொண்ணுங்க. ரொம்ப... ரொம்ப நல்ல பொண்ணு.”

அப்புறம்? ஒன்றும் வரவில்லை. விக்னேஷுக்குக் கையை மடக்கிக்கொண்டு நின்றான் என்று சொல்லத் தெரிந்த மனிதருக்கு, ஹரிணி எந்த பஸ்ஸை விட்டு எந்த பஸ்ஸில் வர ஆரம்பித்தாள் என்றுகூடச் சொல்லத் தெரிந்த மனிதருக்கு, அபிநயாவைப் பற்றிச் சொல்ல ஒரு சம்பவம் கையில் இல்லை. பெண்ணின் முகத்தில் அதுவரை இருந்த கொஞ்சநஞ்ச எதிர்பார்ப்பும் வாடிப்போனதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“எனக்கு ஒரு வாரம் டைம் குடும்மா” என்றார். “நல்லாப் பாத்துட்டு, அப்புறம் சொல்றேன்.”

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். ‘நல்ல பிள்ளை’ என்று ஒருவருக்குப் பெயர் வைத்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்கும் வேலை நமக்கு மிச்சம். குழாய் ஒழுகினால்தானே குழாய் இருக்கிற நினைப்பே வருகிறது? வீட்டிலும் அப்படித்தான், ஆபீஸிலும் அப்படித்தான். முரண்டு பிடிக்கிற மருமகன் ஒரு நாள் சிரித்தால் திருவிழா. எப்போதும் சிரிக்கிற மருமகனுக்கு மோர் கொடுக்கக்கூட மறந்துபோகிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் அபிநயா யாழினி வீட்டுக்குப் போனாள். சார் துணைக்குப் போகவில்லை. அவளே வேண்டாம் என்றிருக்கிறாள். யாழினியின் அம்மா உள்ளே கூப்பிடவில்லையாம். வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறார். நின்றிருக்கிறாள். கடைசியில் யாழினிதான் நொண்டிக்கொண்டே வெளியே வந்து, “நாளைக்கு என் தட்டுலயும் நீயே வாங்கித் தர்றியாக்கா?” என்று கேட்டிருக்கிறது. கால் ஆறும்வரை இரண்டு தட்டோடு வரிசையில் நின்றாள். ஆறிய பிறகும் நிற்கிறாள் என்கிறார் சார். பேட்ஜ் இன்னும் ஹெச்.எம். மேஜைக்குள்தான் இருக்கிறது. அவள் கேட்கவும் இல்லை.

சார் அந்த வாரம் தினமும் அவளைக் கவனித்தார். வியாழக்கிழமை ஏழு மணிக்குப் போன் செய்தார். நான் நாற்காலியை இழுக்கவில்லை. அடுப்படியில் தண்ணீர்க் குழாயைக்கூட மூடிவிட்டு நின்றேன்.

“உங்க பொண்ணு பக்கத்துல ஒரு பிள்ளை உக்காந்திருக்கும்மா. அதுக்குப் பேச்சு திக்கும். எழுந்து வாசிக்கச் சொன்னா நடுங்கும். அந்தப் பிள்ளை வாசிக்கும்போதெல்லாம் உங்க பொண்ணு கீழ உக்காந்தபடியே, அதுக்கு மட்டும் கேக்குற மாதிரி, கூடவே வாசிக்கிது. துணைக்கு. எனக்கு இத்தனை நாள் தெரியாது. அந்தப் பிள்ளைகிட்ட கேட்டேன். ஆறாவதுலேர்ந்தே அப்படித்தானாம்.”

செல்வியின் லைன் அறுந்துவிட்டதோ என்று சார் திரையைப் பார்த்தார்.

“சார், இருங்க. அடுப்ப அணைச்சிட்டு வர்றேன்.”

வந்தார். “அவங்க அப்பாவையும் கான்ஃபரன்ஸ்ல போடுறேன். மொதல்லேர்ந்து சொல்லுங்க.”

சிங்கப்பூரும் லைனில் வந்தது. பின்னால் பஸ் இரைச்சல், நாலைந்து பேர் பேசும் சத்தம். சார் முதலிலிருந்து சொன்னார். “டேய், சத்தம் போடாதீங்கடா” என்று அந்த அப்பா பக்கத்தில் இருந்தவர்களை அதட்டியது கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். அப்பாவா, அம்மாவா, பெண்ணா... யார் என்று தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம்.

சரி, உன் பொறாமை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

நேற்று காய்கறி மார்க்கெட்டில் ஹெச்.எம். மேடத்தைப் பார்த்தேன். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, “அபிநயா விஷயத்த நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே!” என்றார்.

“யாரு சொன்னா?”

“சார்தான். ஸ்டாஃப் மீட்டிங்ல எழுந்து நின்னு சொன்னாரு. ‘எனக்குத் தோணவே இல்ல, எங்க வீட்லதான் சொன்னாங்க. மனுஷங்க மனசு அவங்களுக்குப் பட்டுனு பிடிபடும், எனக்கு அது வராது’ன்னாரு. எல்லாரும் கை தட்டுனோம்.”

எழுந்து நின்றா? கை தட்டினார்களா? வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்த மனுஷன்!

விக்னேஷ் அப்பா மேலும் ஹரிணி அம்மா மேலும் இப்போது எனக்குத் துளியும் பொறாமை இல்லை. அதெல்லாம் மொத்தமாக இடம் மாறி, என்னைப் பற்றி எனக்கு முன்னாலேயே கேட்டுவிட்டு ஹாயாக உட்கார்ந்திருக்கும் அந்த ஸ்டாஃப் ரூம் நாற்காலிகள் மேல் போய் விழுந்திருக்கிறது.